ஆறு மீட்டரில் நிற்கும் நேரம்

கல்லடியில் என் பெரியம்மா வீட்டு விறாந்தையில் பின்னேரம் கிடைப்பது வெறுந்தேத்தண்ணி. சீனியைக் கலந்து தரமாட்டா, உள்ளங்கையில் கொட்டிவிடுவா. ஒரு மிடறு குடிக்க வேண்டும், ஒரு நக்கு நக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்குச் சுட்டுவிடும். அதனால் அந்த விறாந்தையில் எந்தக் கதையும் ஆறுதலாகத்தான் நடக்கும்.

அன்றைக்குக் கடலிலிருந்து நேரே அங்கே போயிருந்தேன். மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் அடியில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்குச் சுழியோடிவிட்டு வந்த நாள் அது. காதுக்குள் இன்னும் உப்புத் தண்ணீர் குலுங்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி எப்பிடி மனே?”

“கண்ணாடி பெரியம்மா. பாதி வழியிலயே கப்பல் தெரிஞ்சிட்டு.”

“கப்பலடியில எவ்வளவு நேரம் நிண்ட?”

“இருபது நிமிசம்.”

“மறுகா மேல வர?”

“நாப்பது நிமிசம்.”

கிளாசைத் திண்ணையில் வைத்துவிட்டா. “கீழ கப்பலும் கண்ணுக்குத் தெரியுது. மேல வள்ளமும் கண்ணுக்குத் தெரியுது. மறுகா என்னத்துக்குக் கயித்தப் புடிச்சிக்கிட்டு நாப்பது நிமிசம் தொங்கிற?”

சுழியோடும் தொழிலின் முழுப் பாடமும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அன்று அவவுக்குச் சொன்னதை, அவ இடையிடையே கேட்டவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கப்பல். 1942 ஏப்ரலில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தேடி வந்தன. நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ல் ஹாபரைத் தாக்கிய அதே தளபதி நகுமோவின் தலைமை. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே ஓடியிருந்தது. துணைக்கு வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். மறுநாள் காலை இரண்டும் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு நேரே, ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது.

விமானம் ஏற்றுவதற்கென்றே முதல் வரைபடத்திலிருந்து திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் ஹெர்மிஸ். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. கரையிலிருந்து காப்பு விமானம் வந்து சேருமுன் குண்டுகள் விழுந்துவிட்டன. அரை மணித்தியாலத்துக்குள் 182 மீட்டர் நீளமான கப்பல் போய்விட்டது. கப்பல் தலைவர் ஒன்ஸ்லோவோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் தாழ்ந்தது. அருகே போய்க்கொண்டிருந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் நின்று, தண்ணீரில் மிதந்த சுமார் அறுநூறு பேரைத் தூக்கி எடுத்தது. இல்லாவிட்டால் இறந்தவர் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

“எங்கட அம்மா சொல்லுவா, மழை இல்லாம இடி இடிச்சதெண்டு” என்றா பெரியம்மா. அவவின் அம்மா அப்போது சிறுமி.

இப்போது அந்தக் கப்பல் பக்கவாட்டில் சரிந்து மணலில் கிடக்கிறது. மணல் 53 மீட்டரில். கப்பலின் உயர்ந்த இடத்தைத் தொடுவதற்கே 40 மீட்டரைத் தாண்ட வேண்டும். பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் மீட்டர் என்று சொல்லியிருக்கமாட்டார். கயிற்றை இரு கையாலும் நெஞ்சுக்குக் குறுக்கே விரித்து விரித்து அளந்து, 29 பாகம் என்றிருப்பார்.

இனித் தண்ணீர். இந்தக் கடல் எப்போதும் கண்ணாடியாக இருப்பதில்லை. வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழியில், மழை வெள்ளம் எல்லாம் வாவிக்குள் இறங்கி முகத்துவாரத்தால் கடலுக்கு வரும். அப்போது பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பட்டி கடலுக்குள் நீண்டு போவது தெரியும். அந்தச் சேறு அடங்க வேண்டும். கச்சான் வீசத் தொடங்கும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கிழக்குக் கரை ஒதுக்காகிவிடும். அலை குறைந்து, ஆற்று நீர் வற்றி, மிதக்கும் தூசி அடியில் படிந்துவிடும். சித்திரை தொடக்கம் ஆவணி வரை நல்ல நாள் பார்த்துப் போனால், எதிரே 30 மீட்டர் தூரம் தெரியும் தண்ணீர் வாய்க்கும்.

நீர் தெளிவாக இருக்கிறது என்றால் அதில் ஒன்றும் இல்லை என்று பொருள். சேறும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாசித் துணுக்குகளும் குறைவு. கடலின் சாப்பாடே அந்தத் துணுக்குகள்தான். கண்ணாடித் தண்ணீர் என்று நாங்கள் கொண்டாடுவது உண்மையில் பசித்த தண்ணீர். அதனால்தான் அத்தனை பெரிய நீல வெறுமைக்கு நடுவே கப்பலைச் சுற்றி மட்டும் மீன் மொய்க்கிறது. பற்றிப் பிடிக்க ஒரு இடம், ஒளிய ஒரு பொந்து, நீரோட்டத்தோடு வரும் இரை. கருங்கொடிப் பவளம் அதன் பக்கமெல்லாம் புதர்போல வளர்ந்திருக்கிறது. ஆள் பருமன் களவா ஒன்று பீரங்கிக் குழலின் கீழே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது.

கடலின் தெளிவை அளக்க ஒரு எளிய வழி உண்டு. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் படித்தவர், பாப்பரசரின் கப்பலில் இருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும்வரை எத்தனை மீட்டர் கயிறு போயிற்று என்பதே கணக்கு. இன்றைக்கும் ஆய்வுக் கப்பல்களில் அந்தத் தட்டு இருக்கிறது. பெரியப்பா நங்கூரத்தை இறக்கும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே எட்டிப் பார்ப்பார் என்று பெரியம்மா சொன்னா. அதுவும் அதே கணக்குத்தான்.

இங்கேதான் கண் நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. பெரியம்மா வீட்டுக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். கோடையில் தெளிந்த கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் வாளி கைக்கெட்டும்போல இருக்கும். ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், நான்கு முழ ஆழம் மூன்று முழமாகத் தெரிகிறது. சுழியோடியின் முகக்கண்ணாடிக்குள்ளும் காற்றுத்தான் இருக்கிறது. அதனால் அடியிலும் அதே ஏமாற்று: ஒவ்வொரு பொருளும் கால் பங்கு கிட்டவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும்.

கலங்கிய தண்ணீரில் இந்த ஏமாற்று பெரிய பிரச்சினை இல்லை. அங்கே கண்ணை யாரும் நம்பப்போவதில்லை. ஒரு பாகம் இறங்கினாலே இருட்டும் பயமும் ஆழத்தைச் சொல்லிவிடும். கண்ணாடித் தண்ணீரில் பயம் வருவதில்லை. 25 மீட்டரில் நான் நின்றபோது கீழே கப்பலின் நிழல் தெரிந்தது. நிமிர்ந்தால் வள்ளத்தின் அடிப்பலகை வெள்ளைப் புள்ளியாக மின்னியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய மண்டபத்தில் நிற்பதுபோல இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம்மவர்கள் சொல்வது கலங்கிய ஆற்றுக்கு மட்டுமென்று நினைத்திருந்தேன். ஆழம் தெரியாதது தெளிந்த நீரில்தான்.

நிறம் மட்டும் உண்மை சொல்லும். சிவப்பு முதல் சில மீட்டரிலேயே போய்விடுகிறது. பிறகு மஞ்சள். கப்பலடியில் எல்லாமே நீலச் சாம்பல். டோர்ச்சை அடித்தால் மட்டும், கையளவு வட்டத்தில் துருவின் செம்மஞ்சளும் பஞ்சுப்பாசியின் சிவப்பும் திடீரென்று எழும்பி வரும். கையை எடுத்தால் மறுபடி சாம்பல்.

“காத்துக்கு என்ன செய்ற?” என்று கேட்டா பெரியம்மா.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம் தலைக்கு மேலுள்ள முழு வானத்தின் பாரமும் இன்னொரு முறை கூடுகிறது. 53 மீட்டரில் அமுக்கம் கரையில் இருப்பதைப்போல 6.3 மடங்கு. வாயில் இருக்கும் கருவி அந்த அமுக்கத்துக்குச் சமமாகத்தான் காற்றைத் தரும். இல்லையென்றால் நெஞ்சை விரிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் 6.3 மூச்சுக்கான காற்று போகிறது. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் ஒருவர் அங்கே 126 லீற்றர் இழுப்பார். சாதாரண 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் அமுக்கத்துக்கு நிரப்பினால் 2,400 லீற்றர். மேலே இரண்டு மணித்தியாலம் வரும் அந்தச் சிலிண்டர் கப்பலடியில் 19 நிமிடம். அதுவும் திரும்பி வருவதற்கு ஒரு மூச்சும் மிச்சமில்லாமல். அதனால் முதுகில் இரட்டைச் சிலிண்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கில்லை. கூட வருபவரின் கருவி கைவிட்டால் அவருக்கு.

காற்று முடிவதைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் முதன்முறை அங்கே போனபோது சாதாரணக் காற்றோடுதான் போனேன். காற்றில் பெரும்பங்கு நைதரசன். கரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. 30 மீட்டர் தாண்டியதும் மெல்ல மெல்லக் கள்ளுப்போல ஏறும். பிரெஞ்சுச் சுழியோடி கூஸ்தோ இதை ஆழத்தின் போதை என்று அழைத்தார். பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்கு 40 மீட்டரே எல்லை என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுக்கு முன்னால் நின்றேன். சிலிண்டரின் காற்று மானியைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி 90 பாரில். 100 வந்ததும் மேலே திரும்ப வேண்டும் என்பது வள்ளத்தில் பேசி வைத்த கணக்கு. 90 என்ற எண்ணை வாசித்தேன். அது 90 என்று விளங்கியது. ஆனால் 90 வந்தால் என்ன செய்வது என்ற அடுத்த எண்ணம் வரவில்லை. ஊசி பச்சையாக ஒளிர்வது அழகாக இருந்தது; அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, பெருவிரலை மேலே காட்டினார். எங்கள் மொழியில் அது போவோம் என்று அர்த்தம். அவர் மூன்று தடவை காட்டியதாகப் பின்னர் சொன்னார். எனக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது. தண்ணீர் கலங்கியிருந்தால் பயமாவது என்னை எழுப்பியிருக்கும். அவ்வளவு தெளிவான, அவ்வளவு அமைதியான இடத்தில் எழுப்புவதற்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஹீலியம் கலக்காமல் நான் அங்கே இறங்கியதில்லை. பலூனுக்கு அடிக்கும் அதே வாயுதான். ஒக்சிசன் 18 வீதம், ஹீலியம் 45 வீதம், மீதி நைதரசன். இந்தக் கலவையோடு 53 மீட்டரில் நின்றால் தலை 20 மீட்டரில் நிற்பதுபோலத் தெளிவாக இருக்கும். விலை கூட, கிடைப்பது அரிது. ஆனாலும் அந்தப் பீரங்கியை இப்போதுதான் உண்மையில் பார்த்தேன். அதன் பக்கத்தில் சுடாத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. யாரோ ஒருவர் கையால் எடுத்து வைத்தவை. அந்த 307 பேரில் பலர் அங்கேயே இருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்து வரக்கூடாது என்பதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. மயானத்துக்குப் போய் வருபவர் அங்கிருந்து எதையாவது வீட்டுக்குக் கொண்டு வருவாரா?

“சரி, கயித்துக்கு வா” என்றா பெரியம்மா.

கயிற்றுக்கு வருகிறேன்.

கப்பலடியில் நிற்கும் இருபது நிமிடமும் அமுக்கம் நைதரசனையும் ஹீலியத்தையும் இரத்தத்துக்குள் தள்ளுகிறது. இரத்தம் அதைச் சதைக்கும் கொழுப்புக்கும் முள்ளந்தண்டுக்கும் கொண்டுபோகிறது. ஊறுவது தெரியாது, வலிக்காது. சோடாப் போத்தலுக்குள் வாயு இருப்பது மூடி இருக்கும்வரை தெரிகிறதா? சட்டென்று திறந்தால் நுரைத்துப் பொங்கும். மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, உஸ்ஸென்ற சத்தம் அடங்கவிட்டு, மறுபடி தளர்த்தினால் ஒரு துளியும் சிந்தாது. சுழியோடி நேரே மேலே வந்தால் பொங்குவது அவருடைய இரத்தம்.

பெரியம்மாவுக்குச் சோடா போதவில்லை. “உடம்பெல்லாம் ஒரே மாதிரியா ஊறும்?” என்றா. நல்ல கேள்வி. அதற்கு வாவிதான் சரியான விளக்கம். மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வாய்ப்பக்கம் நிற்கும் தண்ணீர் அன்றைக்கே ஓடிவிடும். உள்ளே தூரத்து வயல்களில் ஏறி நிற்கும் தண்ணீர் நாட்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வற்றும். உடம்பும் அப்படி. இரத்தம் வாய்ப்பக்கத்துத் தண்ணீர்; சீக்கிரம் காலியாகும். கொழுப்பும் மூட்டும் தூரத்து வயல். வாய் வற்றிவிட்டது என்று பார்த்து வயலும் வற்றியிருக்கும் என்று நினைக்கக் கூடாது. இன்னுமொன்று: உள் மட்டத்துக்கும் வெளி மட்டத்துக்கும் வித்தியாசம் அதிகமாக இருக்கையில் வெட்டினால் ஓடும் தண்ணீர் கரையையும் அரித்துக்கொண்டு போகும். வித்தியாசத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டே வடிய விட வேண்டும். நாங்கள் கயிற்றில் படிப்படியாக நிற்பது அதற்குத்தான்.

இந்தப் படிகளை முதலில் கணக்கிட்டவர் ஹால்டேன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர். பிரித்தானியக் கடற்படைக்காக, ஆடுகளை அமுக்க அறைக்குள் விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்ததும் ஆடு ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் மூட்டில் வலி என்று கணக்கு. பேச முடியாத சீவன் காலைத் தூக்கித் தன் வலியைச் சொல்லியது. 1908இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட அட்டவணைதான் இன்று என் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கணினிக்கும் மூதாதை. அதற்கு முன், ஆழத்தில் வேலை செய்து செத்தவர்களும் முடமானவர்களும் எத்தனையோ பேர். புரூக்ளின் பாலத்தின் அத்திவாரத்துக்காக 1870களில் அமுக்கக் காற்றுப் பெட்டிக்குள் இறங்கிய தொழிலாளிகளுக்கும், அந்த வேலையை நடத்திய பொறியியலாளர் வொஷிங்டன் ரோபிளிங்குக்கும் நேர்ந்தது இதுவே. ரோபிளிங் நடமாட்டம் இழந்து, மீதிப் பாலத்தை வீட்டு யன்னலில் இருந்து பார்த்து முடிப்பித்தார்.

என் அன்றைய படிகள் இப்படி. கப்பலை விட்டு நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினோம். 21 மீட்டரில் பக்கத்தில் தொங்கிய சிறு சிலிண்டருக்கு மாறினோம். அதில் பாதிக்குப் பாதி ஒக்சிசன். ஊறிய வாயுக்களை வெளியே விரைவாகக் கழுவுவதற்கு. ஒக்சிசனும் ஆழத்தில் நஞ்சுதான். அந்தச் சிலிண்டரைக் கப்பலடியில் வாயில் வைத்தால் வலிப்பு வரும்; தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது கடினம். அதனால் சிலிண்டரின் கழுத்தில் 21 என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்போம். மாறும்போது அவசரமே இல்லை. நான் எண்ணைத் தொட்டுக் காட்டுவேன். கூட வந்தவர் அந்தச் சிலிண்டரில் விரலை வைத்து, குழாய் வழியே விரலை ஓட்டி, என் வாய்வரை கொண்டுவந்து, அதே குழாய்தானா என்று பார்த்துத் தலையசைப்பார். பிறகுதான் முதல் மூச்சு. பிறகு அவருக்கு நான். எத்தனை வருடம் ஒன்றாக இறங்கியவர்களும் இதைத் தவிர்ப்பதில்லை.

18இல் ஒரு நிமிடம், 15இல், 12இல் இரண்டிரண்டு. 9இல் ஐந்தாறு. 6 மீட்டரில் மட்டும் பதினெட்டு நிமிடம்.

“ஆறு மீட்டர் எண்டா?”

“மூண்டு பாகம், கொஞ்சம் கூட.”

“பனைமரத்துப் பாதி உசரமும் வராதே மனே!”

வராது. அந்த இடத்தில்தான் கண் கடைசியாக ஏமாற்றுகிறது. 53 மீட்டரில் இருந்து 43க்கு வந்தால் அமுக்கம் 6.3இல் இருந்து 5.3 ஆகிறது, உடம்புக்குள் ஒரு குமிழி இருந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு அளவு பெருக்கும். 10இல் இருந்து மேலே வந்தாலோ அமுக்கம் நேர்பாதி, குமிழி இரட்டிப்பாகும். அதே பத்து மீட்டர்தான், ஆனால் விளைவு வேறு. கரைக்கு ஆக நெருங்கிய தூரமே ஆக ஆபத்தான தூரம். 6 மீட்டரில் வள்ளத்தின் இயந்திரச் சத்தம் கேட்கிறது. வள்ளக்காரர் குனிந்து பார்ப்பது, அவருடைய சேர்ட்டின் நிறம்கூடத் தெரிகிறது. காலை நான்கு தடவை அடித்தால் காற்றும் வெயிலும். குளிர் எலும்புக்குள் ஏறியிருக்கிறது, நீரோட்டத்தில் கொடிபோலக் கயிற்றில் கிடந்து ஆடுகிறேன், சிறுநீர் முட்டுகிறது. உடம்பில் ஒரு வலியும் இல்லை. எல்லாமே போகலாம் என்கின்றன. கையில் கட்டிய கணினி மட்டும் இன்னும் பதினொரு நிமிடம் என்கிறது. அந்த எண்ணை நம்பி நிற்கக் கற்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய விஷயம்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மன்னார்ப் பக்கம் முத்துக்குளிச்ச ஆக்கள் டப்பெண்டு மேல வந்தவங்க எண்டு சொல்லுவாங்களே” என்றா.

அவர்கள் மூச்சை அடக்கி இறங்கியவர்கள். கரையில் இழுத்த ஒரே ஒரு மூச்சுத்தான் அவர்களுக்குள் இருந்தது. ஊறுவதற்கு நெஞ்சளவு வாயு, அதுவும் ஒன்றிரண்டு நிமிடம். அவர்களுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன. இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. சிலிண்டரோடு இறங்குபவர் ஆழத்தில் அமுக்கக் காற்றை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒரே தொழில், ஒரே கடல். தகப்பனும் பாட்டனும் நேரே மேலே வந்தார்கள் என்பதால் மகனும் வரலாம் என்று நினைப்பதில்தான் எத்தனையோ குடும்பம் அழிந்திருக்கிறது.

கடலட்டையும் சங்கும் எடுக்கப் போகும் பொடியன்களைப் பற்றிச் சொல்கிறேன். அட்டைக்கு நல்ல விலை. கரையோரத்தில் அட்டை தீர்ந்துவிட்டது. இருபது, முப்பது மீட்டருக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு சிலிண்டர் முடிந்ததும் நேரே மேலே, அடுத்ததை மாட்டிக்கொண்டு மறுபடி கீழே. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. வயல் வற்றுவதற்கு முன்னரே மறுபடி வெள்ளம். அட்டவணை காட்டித் தந்தவர் யாரும் இல்லை. முதலில் தோள்மூட்டில் நோவு, தோலில் கடி. பாரம் தூக்கியதால் என்று எண்ணெய் பூசுவார்கள். பிறகொரு நாள் கால் விறைக்கும், சிறுநீர் போகாது. வாதம் அடித்துவிட்டது என்பார்கள். கடலில் ஏதோ பட்டுவிட்டது என்றும் சொல்வார்கள். சிலர் வலிக்கு மருந்து என்று மறுபடி கடலுக்குள் இறங்குவார்கள். இறங்கினால் குமிழி சுருங்கி வலி குறையும், அது உண்மை. ஆனால் காற்று தீர்ந்து மேலே வரும்போது முன்னதைவிட மோசமாகத் திரும்பும்.

செய்ய வேண்டியது வேறு. உடனே படுக்கவைத்து ஒக்சிசன் கொடுக்க வேண்டும், அமுக்க அறை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அறைக்குள் மறுபடி அமுக்கத்தை ஏற்றி, மருத்துவர் பார்த்திருக்க, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இறக்குவார்கள். அது எல்லா ஊரிலும் இல்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கரைவலையில் நாற்பது பேர் இழுப்பதை முன்னால் நின்று இழுத்தவர். இப்போது வாசலில் நாற்காலியில் இருக்கிறார். வயது முப்பதும் இல்லை. நான் ஹெர்மிஸ் போனதைக் கேட்டு, “எத்தின மீட்டர் அண்ணே?” என்றார். சொன்னேன். “நான் போனது அதில பாதி” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் அந்த ஆழத்துக்குப் போய் நடந்து வந்தேன்; அவர் அதில் பாதிக்குப் போய் நடையை இழந்தார். கையில் இருந்த கணினியும், யாரோ பொறுமையாகச் சொல்லித் தந்த பாடமும்தான் இடையில் உள்ள வித்தியாசம். அது காசால் வந்த வித்தியாசம். அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

இருட்டிவிட்டது. பெரியம்மா லைட்டைப் போடாமல் இருந்தா. உள்ளங்கையில் சீனி கரைந்து பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

“மூத்தவள்ற மகன்” என்றா. “வாற கிழமை வடக்க போறானாம், அட்டைக்கு. சிலிண்டரெல்லாம் அவங்களே குடுக்கிறாங்களாம். நல்ல தெளிஞ்ச தண்ணி, பயமில்ல அம்மம்மா எண்டு சொல்றான்.”

நான் அவவைப் பார்த்தேன். கயிற்றில் ஏன் தொங்கினாய் என்று கேட்டது எனக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

“நாளைக்குப் பின்னேரமும் வா மனே. அவன வரச் சொல்றன். கப்பல் கதை வேணாம், அது அவனுக்கு ஆசையத்தான் கூட்டும். அந்த ஆறு மீட்டர்ல இருந்து சொல்லு.”

கேத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா, இன்னொரு தேத்தண்ணி ஊற்ற.